பத்து வருஷத்துப் பசை

அல்வாவுக்காகக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தவர்கள், அந்தப் பாலை அசைக்காமல் வைத்தால் வெள்ளை வெளேரென்ற மாவு அடியில் தங்கித் தெளிநீர் மேலே நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அத்தகைய மாவைத்தான் ஜப்பான் தேசத்தில் சித்திரச் சுருள்களைப் பதனிட்டு ஒட்டும் கைவினைஞர்கள் காய்ச்சிப் பசையாக்குகிறார்கள். ஆனால், குளிர் உச்சத்தில் இருக்கும் நாட்களில் காய்ச்சிய பசையை ஜாடியில் இட்டு, மேலே நீர் ஊற்றி மூடி, சுமார் பத்து வருஷம் அப்படியே வைத்துவிடுவதும் அவர்களிடையே வழக்கம் என்று சொன்னால், அத்தனை காலத்தில் அது கெட்டுப் போகாதா என்று நேயர்கள் கேட்கக்கூடும். கெடத்தான் செய்கிறது. பூசணம் படர்கிறது, அதை வழித்தெறிந்து நீரை மாற்றுகிறார்கள், முடிவில் மிஞ்சுவது ஒட்டும் சக்தியில் பெரும் பகுதியை இழந்துவிட்ட ஒரு வஸ்து. அந்த இழப்பே அதன் விசேஷ குணம்.

பட்டிலே தீட்டிய சித்திரம் தனியே நிற்காது. அதன் முதுகில் தாளின்மேல் தாளாக ஒட்டி வலுவூட்ட வேண்டும். முதல் தாளைப் புதுப் பசையாலும், அடுத்தடுத்த தாள்களைப் பழம் பசையாலும் ஒட்டுகிறார்கள். பசை உறுதியானால் காய்ந்து விறைக்கும். விறைத்த முதுகோடு சுருளைச் சுற்றும்போதெல்லாம் பட்டு மடிந்து வெடித்து, வர்ணம் உதிரும். பழம் பசையோ தாளை இளக்கமாகவே விட்டுவைக்கிறது. அதன் பிடிப்பு போதாதென்பதால், கனத்த தூரிகையால் முதுகை நெடுநேரம் தட்டித் தட்டித் தாளின் நார்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளச் செய்கிறார்கள். நூறு வருஷமோ அதற்கு மேலோ கழிந்து மறுபடியும் பிரிக்க வேண்டி வரும்போது, ஈரம் காட்டினால் அவை விட்டுக்கொடுத்துவிடும்.

அப்படிப் பிரிக்கும் பணியே மியூசியத்து நிபுணருக்கு மிகக் கடினமானது. உதிரும் வர்ணத்தை நீர்த்த பிராணிப் பசையால் நிலைநிறுத்தி, சித்திரத்தின் முகத்தில் கடற்பாசிக் கூழால் மெல்லிய தாளைப் பதித்துக் காப்பிட்டு, குப்புறக் கிடத்தி, பட்டோடு ஒட்டிய கடைசித் தாளைச் சாமணத்தால் இழை இழையாக எடுக்கிறார். பட்டில் ஓட்டை விழுந்த இடங்களுக்குப் புதுப் பட்டைத் துண்டாக்கி வைத்தால், வலுவுள்ள புதியது நைந்த பழையதை இழுத்துக் கிழித்துவிடும் என்பதால், ஜப்பானில் எலக்ட்ரான் கதிர்களைச் செலுத்திப் புதுப் பட்டையும் வேண்டுமென்றே கிழடாக்கி உபயோகிக்கிறார்கள். அந்த ஒட்டுக்குப் பின்னணியின் நிறத்தை மட்டும் ஊட்டுவார்கள். அழிந்துபோன கோட்டை ஊகித்து வரைய மாட்டார்கள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு கோபுரத்துக்குப் புது வர்ணம் பூசி மகிழ்கிற நமக்கு இந்த நிதானம் சற்று வறட்சியாகத் தோன்றலாம். வழிபாட்டின் நியாயம் வேறு, இதன் நியாயம் வேறு.

இக்கலை ஆசியாவுக்கு வெளியே குடியேறிய வரலாறும் ரசமானது. பாஸ்டன் நகரத்து நுண்கலை மியூசியத்தில் பணியாற்றிய ஒக்காகுரா காகுஜோ என்ற ஜப்பானிய அறிஞர், தம் தேசத்துச் சித்திரங்களுக்குத் தம் தேசத்துக் கைகளே தேவை என்று உணர்ந்தவர். அவர் காலத்தில், 1907 முதற்கொண்டே, அங்கே ஜப்பானியக் கைவினைஞர்கள் இவ்வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி 1917இல் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றதும் அதே மியூசியத்தில்தான்.

மரபில் தேர்ந்த கைகளே தேவை என்ற இவ்வுணர்வு எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் வேரூன்றிவிடவில்லை. கு கைச்சி என்ற புராதன சீன ஓவியரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதும், அரண்மனைப் பெண்டிருக்கு நல்லொழுக்கம் போதிப்பதுமான ஒரு பட்டுச் சுருள் 1903இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தது. சீனத்துச் சியென்லுங் சக்கரவர்த்தி தம் முத்திரைகளைப் பதித்துப் போற்றிய பொருள் அது. சுருட்டுவதும் விரிப்பதும் பட்டுக்கு ஆகாது என்று எண்ணி, முதல் உலக யுத்தம் மூண்ட காலத்தில் அதைப் பகுதிகளாகப் பிரித்து, சித்திரத்தைத் தட்டையாகப் பலகைமேல் ஒட்டிவிட்டார்கள். எண்ணம் நல்லதுதான், அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. ஆயினும், சுருளைச் சுருளாகவே காத்துவந்த பல நூற்றாண்டு மரபிலிருந்து அது விலகிய வழி. பின்னால் பட்டில் நுண்ணிய வெடிப்புகள் கண்டன. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, சீன மரபில் தேர்ந்த கைகளே அதன் தளர்ந்த இடங்களை நிலைநிறுத்தின. மீண்டும் அதைச் சுருளாக்கவில்லை. இன்றும் அது பலகைமேல் தட்டையாகவே கிடக்கிறது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும், மங்கலான வெளிச்சத்தில், ஜனங்கள் பார்க்கலாம்.