கடை சொந்தம், இடம் வாடகை



தை முதல் நாள் வந்துவிட்டால் அவனியாபுரத்தின் பேர் எல்லார் வாயிலும் இருக்கும். வாடிவாசல் திறக்கிற அந்த ஒரு நாள் டிவி கேமராக்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும். மற்ற நாட்களில் மதுரையின் இந்தத் தென்பகுதியில் நடக்கிற இன்னொரு வேலை யார் கண்ணிலும் படாது. இங்குள்ள சிறு வியாபாரிகள் சுங்குடிச் சேலையையும் அப்பளத்தையும் மசாலாப் பொடியையும் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் படம் காட்டி விற்று, ஜிபேயில் பணம் வாங்கி, கூரியரில் போட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளர் கூடக் கூட, நமக்கென்று இணையத்தில் ஒரு கடை வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வருகிறது. நியாயமான எண்ணம் அது. அப்படிக் கடை போடும்போது பலர் இடறி விழுகிற ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இணையக் கடை நடத்துவதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வூகாமர்ஸ், ஓபன்கார்ட், பிரெஸ்டாஷாப் எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து நிறுவலாம், திருத்தலாம். ஆனால் அந்தக் கடை உட்கார ஒரு சர்வரில் இடம் வேண்டுமே, அது வாடகை. வெப் ஹோஸ்டிங் என்கிறார்கள். மென்பொருள் தருகிற சுதந்திரத்தை இந்த வாடகை ஒப்பந்தம் சத்தமில்லாமல் சுருக்கிவிடும்.

முந்நூறு சேலை விற்கிற ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தி, உடல், பார்டர், மடிப்பு என்று சேலைக்கு நான்கு படம். மொத்தம் 1,200 படம். வூகாமர்ஸுக்கு அடித்தளமான வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் சின்னதும் பெரியதுமாகப் பல அளவுகளில் நகலெடுத்து வைக்கும். வூகாமர்ஸ் தன் பங்குக்கு இன்னும் சில சேர்க்கும். பெரிய படமாக ஏற்றினால் ஒன்று பத்தாகிவிடும். ஆக 12,000 கோப்புகள். மென்பொருளின் சொந்தக் கோப்புகளும், அதே ஹோஸ்டிங் கணக்கில் வந்து விழுகிற மின்னஞ்சல்களும் தனி. இடம் ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு என்பது விதிமுறைகளின் அடியில் எங்கோ இருக்கும். ஐநோட் லிமிட் என்று அதற்குப் பெயர். அதைத் தொட்டுவிட்டால், இடம் பாதி காலியாக இருந்தாலும் புதிய படம் ஒன்றுகூட ஏறாது.

அடுத்தது கூட்டம். ஒரே சமயத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்பதற்கும் அளவு வைத்திருப்பார்கள். சிறு திட்டங்களில் பெரும்பாலும் இருபதை ஒட்டி இருக்கும். சாதாரண நாளில் தாராளம். பொங்கலுக்கு முந்தைய வாரம் தள்ளுபடி அறிவித்து, வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவி, எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால், கடைக்குப் பதிலாக ‘508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு’ என்ற வரிதான் திரையில் தெரியும். வாங்க வந்தவர், கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துப் போய்விடுவார்.

இவற்றைவிட மனதை வருத்துவது பணம் சம்பந்தப்பட்டது. வாடிக்கையாளர் பணம் கட்டியதும், பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் சர்வர் நம் கடைக்கு ‘பணம் வந்துவிட்டது’ என்று ஒரு தகவல் அனுப்பும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் பாதுகாப்பு வடிகட்டி சில சமயம் அதைத் தாக்குதல் என்று நினைத்துத் தடுத்துவிடுகிறது. கடைக்குத் தகவல் வராது. ஆர்டர் ‘பணம் நிலுவை’ என்றே நிற்கும். சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கிற வூகாமர்ஸ் கடையில், மாற்றாமல் விட்டால் அறுபது நிமிடத்தில் ஆர்டர் தானாக ரத்தாகும். வாங்கியவர் கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், ஆர்டர் இருக்காது. ‘ஏமாத்திட்டீங்களே’ என்று அவர் போனில் கேட்கும்போது, விற்றவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை.

கடை மென்பொருளுக்கும் ஹோஸ்டிங்குக்கும் இடையிலான இந்த இழுபறி இன்று நேற்று தொடங்கியதல்ல. 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹரால்ட் போன்சே டி லியோன் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ் இந்த வகைக் கடை மென்பொருள்களில் முன்னோடிகளில் ஒன்று. அதன் பழைய பதிப்புகள் ஓட வேண்டுமானால், பிஎச்பி மொழியில் ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’ என்ற வசதி திறந்திருக்க வேண்டும். திருடர்களுக்கும் வழிவிடுகிற வசதி அது. 2002இல் பிஎச்பியே அதை இயல்பில் மூடி வைத்தது. 2012இல் அடியோடு நீக்கியது. அதை மூடிய சர்வர்களில் அந்தக் கடைகள் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் ஹோஸ்டிங் நிறுவனங்கள் செய்ததுதான் சரி என்பேன். மஜென்டோ என்ற இன்னொரு கடை மென்பொருளின் கதை வேறு. 2020 ஜூலையில் வந்த அதன் 2.4 பதிப்பு, எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைக் கட்டாயமாக்கியது. அது பின்னணியில் ஓயாமல் ஓடி நினைவகத்தைத் தின்பது. பகிர்ந்துகொள்ளும் சர்வர்களில் பெரும்பாலும் அதற்கு அனுமதி கிடைக்காது. சிறு வியாபாரிக்கு அந்தக் கதவு அன்றோடு அடைபட்டது.

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மலிவு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒரு வீட்டுக்காரர் நாள் முழுக்கக் குழாயைத் திறந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தண்ணீர் வராது. அளவு வைப்பது நியாயம். அந்த அளவை மறைத்துவிட்டு ‘அன்லிமிடெட்’ என்று எழுதி விற்பதுதான் அநியாயம். பிளானின் விலை எந்த எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவு எழுத்தில் கோப்பு எண்ணிக்கையும் ஒரே நேர வேலைகளின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கிறவர்கள் அதைத் தமிழிலும் போட வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் காம் என்ற தளத்தின் இலவசத் திட்டத்தில் செருகுநிரல்களை நிறுவ முடியாது. எனவே, செருகுநிரலான வூகாமர்ஸும் வராது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்கில் மென்பொருளை இறக்கி, சொந்த வாடகை இடத்தில் நிறுவுவது வேறு.

பகிர்ந்துகொள்ளும் இடம் போதாதென்றால், விபிஎஸ் என்ற தனிப்பங்கு சர்வர் மாதம் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. கட்டுப்பாடு குறைவு. ஆனால் புதுப்பிப்பதும் பூட்டுவதும் நம் பொறுப்பு, அதற்குத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். அதைச் சமாளிக்க முடியாதவர்கள் சந்தைத் தளங்களில் கமிஷன் கொடுத்து விற்பதில் தவறு ஏதும் இல்லை. 2022 ஏப்ரலில் ஓஎன்டிசி என்ற திறந்த வணிக வலையமைப்பைச் சோதனைக்கு விட்டபோது, முதல் ஐந்து நகரங்களில் நம் கோயம்புத்தூரும் இருந்தது. அதையும் விசாரித்துப் பாருங்கள்.

சொந்தக் கடைதான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். எத்தனை கோப்பு வைக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடும், மணிக்கு எத்தனை மின்னஞ்சல் போகும், கேட்வே தகவலைத் தடுக்கமாட்டீர்கள்தானே என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கடை திறந்ததும் நீங்களே ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் வைத்து, பணம் கட்டி, ஆர்டர் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை கடையின் முழு நகலையும் தரவுத்தளத்தோடு சேர்த்து உங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். அந்த நகல் கையில் இருந்தால், எந்த ஹோஸ்டிங்கிலிருந்தும் கடையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம்.