பெட்டிச் சாவி
(ஆண்டு விழாவில் முன்னாள் ஊக்குநர் ஒருவர் பேசியது)

ஊக்குநர்களின் சேவையைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. பெருமையா நாலு வார்த்தை சொல்லலாம். ஆனா நான் செஞ்ச ஒரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நம்ம தருமபுரி மாவட்டத்துலதான் 1989-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதன்முதலா குழுக்களை ஆரம்பிச்சுது. எங்க குழு வந்தது ரொம்ப வருசம் கழிச்சு. அப்பவும் வீடு வீடாப் போய்க் கூப்பிட்டா, "காசை வாங்கிட்டு ஓடிருவா"ன்னுதான் பேசினாங்க. அதையும் கேட்டுக்கிட்டு 16 பேரைச் சேர்த்தோம்.

ஒன்பது வருசம் நான்தான் ஊக்குநர். சேமிப்பு, உள்கடன் வசூல், தீர்மானப் புத்தகம், பேரேடு எல்லாமே என் கையெழுத்து. பேங்குக்குப் போனா அன்னிக்குக் களையெடுக்குற கூலி போச்சு. பஸ் காசும் என்னுதுதான். யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லாம இருக்குறதுதான் சேவைன்னு நெனச்சேன். நான் இல்லாம குழு நடக்காதுன்னு உள்ளுக்குள்ள ஒரு கர்வமும் இருந்துச்சு. பெட்டிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல. ஊக்குநரைச் சுழற்சி முறையில மாத்தணும்னு பயிற்சியில சொல்லித்தான் கொடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் "நீயே இருக்கா"ன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன்.

அப்புறம் வழுக்கி விழுந்து கால் முறிஞ்சுது. ரெண்டு மாசம் படுக்கை. கூட்டமே நடக்கல. பிரதிநிதி தவணைப் பணத்தை வசூல் பண்ணி அரிசிப் பானையில பத்திரமா வச்சிருந்தா, பாவம். சலான் எழுதத் தெரியாது, பேங்குல கேக்கவும் கூச்சம். தவணை தவறிச்சு, அடுத்த கடன் தள்ளிப்போச்சு. அந்தக் கடனை நம்பி மகளோட நர்சிங் படிப்புக்கு முன்பணம் கட்டியிருந்த ஒரு உறுப்பினர், மீதிக்குக் கந்துவட்டிக்குப் போயிட்டா. அந்த வட்டிக்காரன் வாசலுக்குப் போகக்கூடாதுன்னுதானே குழுவே ஆரம்பிச்சோம்! அவ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட என்னைப் பாக்க வந்தா. ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுதான் இன்னும் குத்துது.

எழுந்து நடந்ததும் சாவியைக் கழட்டிக் கொடுத்தேன். ரெண்டு பேர் என்கூட உக்காந்து பேரேடு எழுதப் பழகினாங்க. ஒருத்தி எட்டாவதோட நின்னவ, முதல் மாசம் மூணு தடவை கூட்டல் தப்பாச்சு. பேனாவைப் பிடுங்கிடலாமான்னு கை துறுதுறுன்னுச்சு. எப்படியோ அடக்கிக்கிட்டேன்.

நிர்வாகிகள்கிட்ட ஒரு கோரிக்கை. பேங்குக்குப் போறவளுக்குப் பஸ் காசும் அரை நாள் கூலியும் குழு நிதியிலேருந்து கொடுத்து, அதைத் தீர்மானத்துல எழுத வைங்க. இலவச வேலைன்னா அன்றாடம் கூலிக்குப் போறவ எப்படி ஊக்குநரா வருவா? வசதி இருக்குறவளோ, என்னை மாதிரி வீம்பு புடிச்சவளோதான் வருவா.

போன வாரம் கூட்டத்துக்கு நான் கொஞ்சம் தாமதமாப் போனேன். எனக்காகக் காத்திருக்கல, தொடங்கிட்டாங்க. தாமதத்துக்கு 5 ரூபா அபராதமும் போட்டா, அந்த எட்டாவது படிச்சவ. கட்டிட்டேன்.