ஓராண்டே வாழ்ந்த கணினிப் பள்ளி
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கணினிக் கல்வியைத் தமிழில் தரவேண்டும் என்று கூட்டந்தோறும் முழங்குகின்றோம். முழங்கி முடித்ததும் நம்மவரே இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். கட்டடத்திற்கு எங்கே போவது? பொருள் கொடுக்கும் புரவலர் யார்? இவ்விரண்டும் கிடைக்கட்டும், பின்னர்ப் பார்ப்போம் என்று கலைந்து விடுகின்றோம். இவ்வினாக்களின் பொருட்டே அமெரிக்க நாட்டில் தோன்றி ஓராண்டில் மறைந்த ஒரு பள்ளியின் கதையை இன்று எடுத்துக்கொண்டேன். மறைந்துபோன பள்ளியா நமக்கு எடுத்துக்காட்டு என்று எண்ணற்க. சற்றே பொறுத்துக் கேளுங்கள்.

மசாச்சூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்சு நகரில், பிலிப்பு கிரீன்சுபன் என்பாரும் அவர் தோழர்களும் 1997-ஆம் ஆண்டில் மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அதற்கு 'ஆர்சு திசிட்டா' எனப் பெயரிட்டனர். பெயரைப் பாருங்கள்! ஆங்கிலம் பேசுவோரும் புதுப்பெயர் வேண்டுமாயின் இலத்தீன் வீட்டுப் படியில் நிற்கின்றனர். நாமோ வேரும் கிளையும் நம் மொழியிலேயே இருக்க, கடன்வாங்க ஓடுகின்றோம். அது நிற்க. அந்நிறுவனம் தான் ஆக்கிய மென்பொருளின் மூலநிரலை மறைக்காமல் எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டது. அந்த மனப்பாங்கிலிருந்தே பள்ளியும் பிறந்தது. நிறுவனத்தின் சார்பில் அமைந்த அறக்கட்டளையின் பொருளுதவியால், 2000 செப்தம்பரில் 'ஆர்சு திசிட்டாப் பல்கலைக்கழகம்' திறக்கப்பட்டது.

வேறு துறையில் முன்னரே பட்டம் பெற்றவர்களே அதன் மாணவர்கள். கட்டணம் ஒரு காசும் இல்லை. மசாச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் நான்காண்டு பரந்து கிடக்கும் கணினியியற் பாடங்களின் சாரத்தை ஓராண்டில் தருவது திட்டம். ஆசிரியருட் பெரும்பாலோர் அக்கல்விக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே வேளையில் ஐந்து பாடங்களைத் திணிக்காமல், ஏறத்தாழத் திங்களுக்கொரு பாடமாக நடத்தினர். பிரிநிலைக் கணக்கியல், படிமுறைகள், கணிப்புக் கோட்பாடு ஆகியவற்றை இசுடோன்கில் கல்லூரிப் பேராசிரியர் சாய் சைமன்சன் கற்பித்தார். மாணவர்கள் வீட்டில் தனித்திருந்து மாரடிக்காமல், ஒரே கூடத்தில் அருகருகே அமர்ந்து கணக்குகளைப் போட்டனர். நம் திண்ணைப் பள்ளியின் சாயல் இதில் இல்லையா?

தொடக்கப் பாடங்களுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விழைகின்றேன். ஆபெல்சன், சசுமன் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட பாடநூலைத் தழுவியது அது. அந்நூற்பெயரைத் தமிழில் 'கணினி நிரல்களின் அமைப்பும் பொருள்கோளும்' எனலாம். பொருள்கோள் எட்டு என நன்னூல் வகுத்ததைப் பயின்ற நமக்கு இச்சொல் புதிதன்று. அந்நூல் கையாளும் நிரல்மொழி 'இசுகீம்'. அதில் 'கார்', 'குடர்' என இரு செயல்கள் உண்டு. ஒரு சோடிப்பொருளின் முன்பகுதியை எடுப்பது ஒன்று, பின்பகுதியை எடுப்பது மற்றொன்று. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? ஐ.பி.எம். 704 என்னும் பழம்பொறியின் உறுப்புகளைக் குறித்த தொடர்களின் முதலெழுத்துகள் அவை! பொறி வழக்கொழிந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் சிறுவனுக்கும் அவை பொருளற்ற ஒலிகளே. அவனும் புதிதாய்க் கற்கவே வேண்டும். கணினிக்கு ஆங்கிலம் தெரியும் என்பாரிடம் இதைச் சொல்லுங்கள். அதற்குத் தெரிந்தவை சுழியமும் ஒன்றுமே. நாம் வகுக்கும் செயன்முறைக்குத் தமிழெழுத்தில் பெயரிட்டாலும் இன்றைய இசுகீம் மறுப்பதில்லை.

இனிப் பள்ளியின் முடிவுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் நிறுவனம் வெளி முதலீட்டாளரிடமிருந்து ஏறத்தாழ 3 கோடியே 80 இலக்கம் தாலர் பெற்றது. பொருள் தந்தவர் கைக்கு ஆட்சியும் போயிற்று. அவ்வாண்டு மார்ச்சிலேயே இணைய நிறுவனங்களின் பங்கு விலை உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியிருந்தது. பள்ளி திறந்ததே வீழ்ச்சி தொடங்கிய பின்னர்த்தான்! நிறுவனருக்கும் முதலீட்டாளர்க்கும் பூசல் முற்றி, 2001-இல் வழக்குமன்றம் வரை சென்றது. அறக்கட்டளையின் ஊற்றுக்கண் வறண்டது. முதல் அணி மாணவர்கள் 2001 கோடையில் படிப்பை முடித்தனர். இரண்டாம் அணி சேரவேயில்லை. 2002-இல் நிறுவனத்தையே 'இரெட் ஆட்' என்னும் வேறொரு குழுமம் வாங்கிக்கொண்டது. ஒரே புரவலரை நம்பிய பள்ளி அப்புரவலரோடு வீழ்ந்தது. கட்டடமும் புரவலரும் முதலில் வேண்டும் என்னும் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று எஞ்சிற்று. பெரும்பாலான வகுப்புரைகள் படம்பிடிக்கப்பட்டிருந்தன. படித்து வெளிவந்த மாணவர்களே அப்பதிவுகளையும் பயிற்சித் தாள்களையும் தொகுத்து, இணையத்தில் கட்டணமின்றி வைத்தனர். வட்டுகளில் படியெடுத்தும் வழங்கினர். சுவடியைப் பெட்டியில் பூட்டியவன் வீட்டில் கறையான் தின்றது. படியெடுக்கக் கொடுத்தவன் சுவடியே நமக்கு நூலாய்க் கிடைத்தது. அதே கதைதான் இதுவும். இப்பள்ளி நடந்துகொண்டிருந்த 2001 ஏப்பிரலில், மசாச்சூசெட்சுக் கல்விக்கழகமும் தன் பாடங்களை உலகுக்குத் திறந்து வைப்பதாக அறிவித்தது. மறு ஆண்டு செப்தம்பரில் 32 பாடங்களை முன்னோட்டமாக வெளியிட்டது.

உணர்வாளர்களே! அந்தப் பதிவுகள் நம் ஊர்ப் பிள்ளைக்கும் எட்டுகின்றன. காசுப்பூட்டு திறந்துவிட்டது. ஆயினும் தமிழ்வழிப் பயின்ற பிள்ளை முதல் மணித்துளியிலேயே திகைக்கின்றாள். கணக்குப் புரியாமையால் அன்று. சைமன்சன் பேசுவது ஆங்கிலம் என்பதால். பாடத்தை அவர்கள் கொடுத்துவிட்டனர். தமிழை அவர்கள் கொடுக்க மாட்டார்கள். அது நம் வேலை.

பிரிநிலைக் கணக்கியலுக்கு வேண்டிய சொற்கள் பலவும் தமிழ்வழிப் பாடநூல்களில் முன்னரே உள்ளன: வரிசைமாற்றம், சேர்வு, நிகழ்தகவு, கணம். 'கணம்' தமிழ்ச்சொல்லா என்று நமக்குள் வழக்கு உண்டு. அதனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கரும்பலகையும் ஒரு கைப்பேசியும் இருந்தால் ஒரு பாடத்தைப் பதிந்துவிடலாம். இவ்வவையில் கணக்காசிரியர்கள் சிலரைக் காண்கின்றேன். வரிசைமாற்றத்திலிருந்து தொடங்குவோம். பெயர் கொடுப்போர் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வருக. தாளும் தூவலும் கொண்டுவந்திருக்கின்றேன்.