சுறாவைக் கட்டச் சர்க்கார் கொடுத்த சம்பளம்

(சாகுபுரத்தில் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய பேச்சு)



சரித்திரம் என்றால் ராஜா பட்டத்துக்கு வந்த வருஷம், செத்த வருஷம் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்பீர்கள். நம் கடற்கரைக் கதை ஒன்று அந்தப் பாடத்தில் கிடையாது. பக்கத்திலேயே காயல்பட்டணம், வடக்கே புன்னைக்காயல், கொற்கை. இந்தக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. முற்காலத்தில் அந்தத் தொழிலில் ஒரு மந்திரவாதிக்கும் உத்தியோகம் இருந்தது. அவருக்குக் "கடல்கட்டி" என்று பெயர். சுறாமீன் கடிக்காதபடி மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. சம்பளம் கொடுத்தது யார்? சாட்சாத் பிரிட்டிஷ் சர்க்கார்!

சிரிக்காதீர்கள். குளிப்பவரின் நிலைமையை முதலில் பாருங்கள். இடுப்பில் ஒரு துண்டு, சிப்பி அள்ள ஒரு வலைக்கூடை, கீழே இழுத்துச் செல்ல ஒரு கனத்த கல். படகில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். எட்டு, பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, சுமார் ஒரு நிமிஷம் மூச்சடக்கி, கையில் அகப்பட்டதை வாரிக்கொண்டு கயிற்றைச் சுண்ட வேண்டும். 1890 வாக்கில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. மற்ற இரண்டு பங்கை ஏலம் போட்டுப் பணத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். சுறா கடித்தால் மட்டும் பங்கு பிரிப்பது கிடையாது. காயம் முழுவதும் குளித்தவருக்கே!

ஆகவே, "கடல்கட்டி இல்லாமல் இறங்க மாட்டோம்" என்றார்கள்.

வழக்கம் மிகப் பழையது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மீனைக் கட்டும் பிராமணருக்கு இருபதில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறார். அதிலும் ஒரு வேடிக்கை. பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்து விடுவார்களாம். இருட்டில் எவனும் திருட்டுத்தனமாக மூழ்கி முத்தெடுக்கக் கூடாது அல்லவா? முதலாளிக்குச் செலவில்லாத காவல்காரன் சுறா!

அக்கரையில், இலங்கைப் பக்கத்திலும் இதே வழக்கம்தான். நம் கரை ஆட்கள் அங்கும் போய்க் குளித்தார்கள். படகு திரும்பும்வரை மந்திரக்காரர் அன்னம் தண்ணீர் தொடாமல் கரையில் நிற்க வேண்டும் என்பது விதி. சிலர் கள்ளைக் குடித்துவிட்டு, நிற்கவும் முடியாமல் போனதாக 1803-ல் பெர்சிவல் என்ற பட்டாள அதிகாரி எழுதினார். 1859-ல் டெனன்ட் எழுதும்போது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். மதம் எதுவானாலும் மந்திரம் பலிக்கும் என்று குளிப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த விஷயத்தில் நம் காலத்துப் பெரிய மனிதர்கள் பலரைவிட அவர்கள் விசாலமானவர்கள்.

துரைமார் இதை நம்பினார்களா? புத்தகத்தில் பரிகசித்தார்கள், கஜானாவிலிருந்து சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார்கள். குளிப்பவர்கள் கரையில் உட்கார்ந்துவிட்டால் ஏலம் போட ஒரு சிப்பி கிடையாது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். எனக்கும் மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்கள், கேட்ட ஒன்றையாவது வாங்கிக்கொண்டார்கள்.

1890-ல் தூத்துக்குடியில் என்ன நடந்தது? சென்னை மியூசியத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். குளித்த ஒருவரைச் சுறா கடித்தது. ஒரே பீதி. மந்திரம் தெரிந்த ஒரு பெண்ணை அமர்த்தியதும் பயம் அடங்கியது. ஆனால் சுறா மறுபடியும் கடித்தது. நல்ல காற்று, தெளிந்த தண்ணீர். படகுக்கும் குறைவில்லை, சிப்பிக்கும் நல்ல விலை. அப்படியிருந்தும் அந்த வருஷத்துக் குளிப்பைச் சர்க்கார் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று.