மூன்று இலக்கத்தில் ஒரு பதில்

கைப்பேசிச் செயலியில் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். அந்தச் செயலி எங்கோ இருக்கிற சர்வரிடம் கேட்டுத்தான் எல்லாவற்றையும் காட்டுகிறது. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் இப்படிக் கேட்டுப் பெறும் வழியை ஏபிஐ என்கிறார்கள். இணையத்தில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஹெச்டிடிபி நெறிமுறைப்படி நடக்கிறது. அதில் பதில் எதுவானாலும் கூடவே ஒரு மூன்று இலக்க எண் வரும்.

1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் வடிவத்தில் இந்த எண் கிடையாது. கேட்ட பக்கமும் பிழைச் செய்தியும் ஒரே மாதிரி வெறும் எழுத்தாக வந்தன. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளலாம். நிரல் என்ன செய்யும்? மின்னஞ்சலும் கோப்புப் பரிமாற்றமும் ஏற்கெனவே மூன்று இலக்க எண்களில் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வழக்கம் இங்கும் வந்தது. 1996இல் வெளியான 1.0 ஆவணத்தில் அதைக் காணலாம்.

முதல் இலக்கம்தான் முக்கியம். 2 என்றால் வேலை முடிந்தது. 3 பெரும்பாலும் வேறு முகவரிக்குப் போகச் சொல்லும். 4 என்றால் கேட்ட விதத்தில் தவறு, 5 என்றால் சர்வரில் கோளாறு. 404 வந்தால் அதே முகவரியை நூறு முறை தட்டிப் பயனில்லை. 503 வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். நான்காம் வரிசையிலும் பொறுத்திருக்கச் சொல்லும் எண் ஒன்று உண்டு: 2012இல் சேர்ந்த 429. அளவுக்கு மீறிக் கேட்கிறாய், நிறுத்து என்று பொருள். எத்தனை விநாடி கழித்து வரலாம் என்பதையும் சர்வர் கூடவே சொல்லலாம்.

401, 403 இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது, நீ யாரென்று நிரூபி என்கிறது. பின்னது, நீ யாரென்று தெரிந்தாலும் அனுமதி இல்லை என்கிறது. முதலாவதற்கு மறுபடி உள்நுழைந்தால் போதும். இரண்டாவதற்கு அது உதவாது.

எனக்குப் பொறுக்காத பழக்கம் ஒன்று உண்டு. வேலை நடக்கவில்லை, ஆனாலும் 200 என்று அனுப்பிவிட்டு, உள்ளே ஒரு மூலையில் 'தோல்வி' என்று எழுதிவைப்பது. எண்ணைப் பார்த்து இயங்கும் கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் நலம் என்றே கணக்கெழுதும். பயனர்கள் புகார் சொல்லும்வரை பழுது வெளியே தெரியாது. இது சோம்பல் மட்டுமல்ல, பொய்யும்கூட. பிழையின் விவரத்தை ஒழுங்காகச் சொல்வதற்கென்றே 2016இல் ஒரு பொது வடிவம் வந்து, 2023இல் திருத்தமும் கண்டுவிட்டது. இனியும் சாக்குச் சொல்ல இடமில்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது 504. நடுவில் நிற்கும் சர்வர், உள்ளே இருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து கைவிட்டதன் அடையாளம் அது. உள்ளே வேலை நடந்ததா இல்லையா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. பணம் கட்டும்போது இது வந்தால், தொகை போயும் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம். செயலி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பிடித்தம் ஆகிவிடக்கூடும். அதனால்தான் பொறுப்பாக எழுதப்பட்ட கட்டண ஏபிஐகளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாளம் சேர்த்து அனுப்புவார்கள். அதே அடையாளம் திரும்ப வந்தால், சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய முடிவையே திருப்பித் தரும். உங்கள் செயலியில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்பது திரையில் தெரியாது. ஆகவே, பணம் கட்டும் நேரத்தில் திரை உறைந்து நின்றால், வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துங்கள்.