பழைய டிரெய்லரும் நம் பொறுப்பும்

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நம் முன்னோர் மாட்டு வண்டியைப் பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்த்தனர்; அச்சுக்கு மசகு இட்டனர்; அதன் பின்னரே சாலையில் இறங்கினர். இன்று மாட்டின் இடத்தில் டிராக்டரும், வண்டியின் இடத்தில் டிரெய்லரும் வந்துள்ளன. ஆயினும் புறப்படுமுன் தொட்டுப் பார்க்கும் அந்த நல்வழக்கம் பல ஊர்களில் நின்றுபோயிற்று.

சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் கிழங்கு சேகோ ஆலைக்கும், கரும்பு சர்க்கரை ஆலைக்கும், குப்பை எருவும் மண்ணும் வயலுக்கும் டிரெய்லரிலேயே செல்கின்றன. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றத் தவறாத விவசாயி, டிரெய்லரைப் புளியமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைக்கின்றார். டிராக்டர் மாறினாலும் டிரெய்லர் மாறுவதில்லை. என்ஜின் இல்லாத பொருளுக்குப் பழுது ஏது என்று நாம் எண்ணிவிடுகின்றோம். இந்த எண்ணமே ஆபத்துக்கு வித்தாகும்.

டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. பாரம் முழுவதையும் டிராக்டரின் பின்சக்கர பிரேக்கே தாங்கி நிறுத்த வேண்டும். இறக்கத்தில் பாரம் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். டிராக்டர் குறுக்கே திரும்பிக் கவிழும். ஆகவே சாலையில் செல்லும்போது இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருத்தல் வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றுதல் வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுதல் கூடவே கூடாது.

பழைய டிரெய்லரில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது இணைப்பு. தேய்ந்த பின்னுக்குப் பதிலாகக் கிடைத்த இரும்புக் கம்பியைச் செருகுதல் தவறு. அளவான பின்னும், அது மேலெழும்பாதபடி தடுக்கும் பூட்டும், பின் உடைந்தாலும் டிரெய்லரை விடாது பிடித்துக்கொள்ளும் சங்கிலியும் வேண்டும். இழுக்கும் இடம் பின் அச்சைவிட உயர்ந்திருந்தால் டிராக்டரின் முன்சக்கரம் மேலெழும்பி, வண்டி பின்புறமாகக் கவிழும். எனவே உயரத்தில் மாட்டி இழுத்தல் ஆகாது.

இரண்டாவது சக்கரம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துள்ளது அல்லது தளர்ந்துள்ளது என்று அறிக. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் சக்கரத்தின் நடுக்குடம் கை பொறுக்காத சூடாயிருந்தால், உடனே பிரித்துப் பார்த்துக் கிரீஸ் இடுதல் வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைக் கூறும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டை தேயாதிருப்பினும் பக்கவாட்டில் வெடிப்புக் கண்ட டயரை நம்பலாகாது.

மூன்றாவது சட்டமும் பெட்டியும். எருவும் உரமும் ஈர மணலும் ஏற்றிய பெட்டியைக் கழுவாது விட்டால் அடித்தகடு துருவேறும். இழுவைத் தண்டு சட்டத்தோடு சேரும் பற்றவைப்பில்தான் வெடிப்பு பெரும்பாலும் தோன்றும். மண்ணைச் சுரண்டிவிட்டு அங்கே பாருங்கள். பெட்டியைத் தூக்கிக் கொட்டும் டிரெய்லராயின், முட்டுக் கொடுக்காது அதன் அடியில் ஒருவரும் நுழைதல் கூடாது. மின்கம்பி செல்லும் இடத்தில் பெட்டியைத் தூக்குதலும் கூடாது.

நான்காவது வெளிச்சம். இருளில் நிற்கும் டிரெய்லர் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தார் கண்ணுக்கு மோதும் வரை தெரிவதில்லை. பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டையும் எரியும் விளக்கும் இருக்க வேண்டும். கரும்புத் தோகையோ சாக்கோ அவற்றை மறைத்தல் ஆகாது. ஒளிப்பட்டைக்கு ஆகும் செலவு சிறிது. அது காக்கும் உயிரோ ஒரு குடும்பத்தின் ஆதாரம்.

இனி, மிக முக்கியமான ஒன்றைக் கூறுவோம். டிரெய்லர் பண்டம் ஏற்றுவதற்கே உரியது; மனிதர் ஏறுவதற்கு அன்று. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியோர் ஏறிவந்த டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 ஏப்ரல் 4 அன்று மகாராஷ்டிரத்தின் நாந்தேடு மாவட்டத்தில், வயல் வேலைக்குச் சென்ற பெண்கள் இருந்த டிராக்டர் டிரெய்லர் கிணற்றில் விழுந்து 7 பேர் மாண்டனர். நம் பக்கத்திலும் சாலையோரத்தில் சுவரில்லாக் கிணறுகள் உண்டு. கிழங்கு மூட்டையின்மேல் அமர்ந்து வீடு திரும்பும் பெண்களும் உண்டு. நாம் கூடியுள்ள இந்த ஃபேர்லேண்ட்ஸில் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. நம் ஊரார் அங்கே படுக்கையில் கிடக்கும் நிலை வராமல் காப்பதே நம் விருப்பம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனமே. அதற்குப் பதிவும் காப்பீடும் வேண்டும் என்பதை ஊராருக்கு எடுத்துரையுங்கள். அறுவடைக்கு முன் வரும் கிராம சபை நாளில் ஊர் டிரெய்லர்களை ஓரிடத்தில் நிறுத்தி, மெக்கானிக் ஒருவரையும் வெல்டர் ஒருவரையும் அழைத்துச் சோதிக்கச் செய்யுங்கள். பஞ்சாயத்துக்கென்று குப்பை வண்டியோ தண்ணீர் டேங்கரோ இருப்பின், அதனையே முதலில் நிறுத்துங்கள். நாம் செய்து காட்டாததை ஊர் செய்யாது.

அடுத்த முறை டிரெய்லர் பூட்டும்போது பின், சக்கரம், சட்டம், விளக்கு ஆகிய நான்கையும் தொட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.