சிறு பொருளும் செய்முறையும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்யாணச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசுமாறு நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அவ்விஷயம் இச்சபையில் பலமுறை பேசப்பட்டதே. பேசிய நாங்களே அடுத்த முகூர்த்தத்தில் அதற்கு மாறாக நடந்துகொண்டதையும் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆகையால் அதனினும் சிறியதொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். கல்யாணம் செய்கிறவர் செலவைப் பற்றியதன்று. அதற்குப் போகிறவர் கையில் எதைக் கொண்டு போவது என்பதைப் பற்றியது. சிறிது என்றேன். ஆயினும் தை மாதத்தில் ஒரே வாரத்துக்கு நான்கு பத்திரிகைகள் வந்து சேர்ந்த வீட்டில், விளக்கணைத்த பிறகும் புருஷனும் மனைவியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது இதைப் பற்றியே என்பதைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மூத்த குமாரத்திக்கு விவாகம் நடந்தது. பந்தல் வாசலில் மேஜை போட்டு, மொய் எழுத இருவரை அமர்த்தி, எழுதியதை எழுதியவாறே ஒலிபெருக்கியில் வாசிக்கவும் ஏற்பாடு செய்திருந்தேன். அக்காலத்தில் அஃது எனக்குப் பெருமையாகவே தோன்றிற்று. என் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்காள் முறையானவள், சிறுவயதில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அன்று வரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கணவரை இழந்து, ஒரு தையல் இயந்திரத்தை நம்பித் தன் சிறு பெண்ணோடு வாழ்ந்து வந்தாள். நேரில் சென்று தாம்பூலத்தோடு பத்திரிகை வைத்தும் வரவில்லையே என்று எனக்குக் கோபம் உண்டாயிற்று. ஒரு மாதம் கழித்து, கேட்டுவிடுவதென்றே புறப்பட்டுப் போனேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அவள் பெண்ணின் காதணி விழாவில் நான் எழுதிய ரூபாய் 1,001 அதில் இருந்தது. "இதற்குக் குறைத்து எழுதினால் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்குமே, தம்பி, இவ்வளவுக்கு என்னிடம் இல்லை" என்றாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்தாள். என் தாயார் இறந்தபோது அவருடைய நூல் சேலைகள் ஐந்தை அவள் கேட்டு வாங்கிச் சென்றிருந்தாள். அவற்றை அடுக்கடுக்காக வைத்து, நெருக்கமாக இழையோட்டித் தைத்த போர்வை அது. என் மகள் விவாகமானதும் புனே நகரத்துக்குப் போக இருந்தாள். அங்கே மார்கழியில் குளிர் அதிகமென்று யாரோ சொல்லக் கேட்டு, பாட்டியின் சேலை பேத்தியைப் போர்த்தட்டும் என்று இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். "இதை எப்படித் தம்பி அந்த மேஜையில் கொண்டுவந்து வைப்பது? இதற்கு என்னவென்று எழுதுவார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

குசேலர் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவல் முடிச்சின் பெருமையை விரித்துரைப்போர் பலர். அவர் அம்முடிச்சை மறைத்துக்கொண்டார் என்பதை மட்டும் விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஏழை நண்பர் கொண்டுவந்ததை வெளியே எடுக்கக் கூசினார். அங்கே கண்ணனே கை நீட்டிப் பறித்துக்கொண்டான். என் பந்தலிலோ கணக்கெழுதுபவர் அமர்ந்திருந்தார்.

மொய் என்னும் வழக்கத்தைப் பழிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பாங்கி நம்மவரை வாசற்படி ஏறவிடாத காலத்தில், ஒரு வீட்டின் விசேஷத்துக்குப் பத்துக் கிராமத்தார் கூடிப் பணம் சேர்த்துக் கொடுத்து, அதைப் பல ஆண்டுகளில் வட்டியின்றித் திரும்பப் பெற்றுக்கொண்ட ஏற்பாடு அது. புதுக்கோட்டை, தஞ்சை ஜில்லாக்களின் எல்லையில், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி முதலிய ஊர்ப்பக்கங்களில், கல்யாணம் காதணி ஒன்றுமின்றியே ஆடி மாதத்தில் "மொய் விருந்து" என்று விருந்து வைத்துப் பணம் சேர்ப்பதுண்டு. கடை வைக்கவும், நிலம் வாங்கவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் அது உதவியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கஜா புயல் அப்பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வழியின்றிக் குடும்பங்கள் திகைத்தன. கடன் என்றால் அப்படித்தான் இருக்கும். அங்குள்ளவர்கள் அதைக் கடனென்று அறிந்தே செய்கிறார்கள். கணினியில் பதிந்து ரசீதும் கொடுக்கிறார்கள். அதில் வஞ்சனை இல்லை. கடனுக்கு அன்பளிப்பு என்று பெயரிட்டு, தவணை கட்ட இயலாதவரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்துகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பரிசு என்பது வேறு. புறநானூற்றின் 208ஆம் பாட்டு, பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியது. குன்றும் மலையும் கடந்து வந்த புலவரை அரசன் நேரில் காணாமலே, "இதைக் கொண்டு செல்க" என்று பொருள் அனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. தம்மைக் காணாமல் கொடுத்த பொருளை வாங்கிச் செல்லத் தாம் வியாபாரி அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவாயினும் இனிதென்றும் கூறினார். கொடுத்தவனோ பெரிய வள்ளல். கொடுத்ததும் குறைவென்று சொல்வதற்கில்லை. குறை காணாமையில்தான் இருந்தது. நூறு ரூபாய்க்குள் நல்ல பரிசு கிடைக்குமா என்று கேட்கிற நமது இளைஞர்களுக்கு நான் சொல்லத்தக்கது இவ்வளவே: கடைக்குப் போகுமுன் அந்த மனிதரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எங்கள் அத்தை ஒருவர் இதில் மிகச் சமர்த்தர். வசதியுள்ளவர் அல்லர். உறவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், பத்து நாளைக்கு முன்னரே அவ்வீட்டுக்குப் போய், வாங்கி வைத்திருக்கும் சேலைகளையெல்லாம் காட்டச் சொல்வார். ஏதோ ஆசைக்குப் பார்க்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். கல்யாணத்தன்று ஒரு சிறு ஓலைப் பெட்டியைப் பெண்ணின் கையில் கொடுப்பார். அதில் ஊசி, சிறு கத்தரிக்கோல், கொக்கி, பொத்தான், அந்தச் சேலைகள் ஒவ்வொன்றின் நிறத்துக்கும் பொருந்திய நூல்கண்டு, எல்லாம் இருக்கும். புதிய வீட்டில் முதல் வாரத்தில் ரவிக்கையின் கொக்கி தெறித்துப்போனால், ஊசி எங்கே இருக்கிறதென்று மாமியாரைக் கேட்கக் கூசி நிற்கும் பெண்ணுக்கு அப்பெட்டி எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்பதை ஆண்களாகிய நாங்கள் அறியோம். எங்கள் குடும்பத்தில் வெள்ளிக் குத்துவிளக்கு யார் கொடுத்ததென்பது மறந்துபோயிற்று. ஓலைப் பெட்டி யார் கொடுத்ததென்று சொல்லாத பெண் ஒருத்தியும் இல்லை.

நான் பதினேழாம் வயதில் விடுதியில் தங்கிப் படிக்கப் புறப்பட்டபோது, எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒரு கட்டு அஞ்சலட்டை கொடுத்தார். இருபது அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் தாயாரின் விலாசத்தைத் தம் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். என் தாயாருக்கு எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசிக்க வரும். ஆகையால், "நாலு வரிக்கு மேல் எழுதாதே, பெரிய எழுத்தாக எழுது" என்றும் சொல்லி அனுப்பினார். தபாலில் அதைவிட மலிவான பொருள் இல்லை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அஞ்சலட்டை வேண்டியதில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகிற பையனையும், அவனை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற தாயையும் ஒருங்கே நினைத்துக் கொடுத்த அப்பரிசைப்போல் இன்னொன்றை நான் பெற்றதில்லை.

வசதியுள்ளவர்களும் சற்றுக் கேட்கவேண்டும். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சுவர்க் கடிகாரங்கள் மட்டும் ஒன்பது வந்தன. ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போகவில்லை. அதற்கும் முன் ஒரு எவர்சில்வர் அடுக்குப் பாத்திரம் பரிசாக வந்தது. கழுவும்போது கவிழ்த்துப் பார்த்தால் அடியில் எங்கள் வீட்டுப் பெயரே வெட்டியிருந்தது! நாங்கள் எவருக்கோ கொடுத்தது, நான்கு வீடு சுற்றிக் களைத்துத் தாய்வீடு வந்திருக்கிறது. இக்கடிகாரங்களுக்கும் பாத்திரத்துக்கும் செலவான பணம் சிறிதன்று.

பிரசவித்த வீட்டுக்குத் தங்க மோதிரம் கொண்டுபோக இயலாதவர், துவைத்து மெத்தென்றான பழைய வேஷ்டிகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்திக் கொண்டுபோகலாம். நம் பாட்டிமார் செய்ததே அது. குழந்தைக்கு அதனினும் இதமான துணி கடையில் இல்லை. வீட்டில் ஒரே பிரதியாக மங்கிக் கிடக்கும் பாட்டனாரின் நிழற்படத்தைப் பிரதியெடுத்துப் பேரன்மார் ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம். ஆடிப் பட்டத்துக்கு முன் நம் தோட்டத்து அவரை, புடலை, சுரை விதைகளை, எந்த விதை எப்போது எவ்வளவு ஆழம் ஊன்றவேண்டும் என்று எழுதிய சீட்டோடு கொடுக்கலாம். கையில் ஒன்றுமே இல்லாதவர் கல்யாண வீட்டில் முதல் நாள் இரவு காய்கறி நறுக்க உட்காரலாம். அதற்கும் நோட்டில் எழுத இடமில்லைதான்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். மலிவாக இருப்பதனாலேயே ஒரு பொருள் அன்பின் அடையாளமாகிவிடாது. கடைத்தெருவில் பத்து நிமிஷத்தில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைக்கும், யோசியாமல் வாங்கிய பட்டுச் சேலைக்கும் விலையில் மட்டுமே பேதம். மேலும், சில இடங்களில் பணமே உத்தமமான பரிசு. ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்திருக்கையில், அவரால் உண்ண முடியாத ஆப்பிள் பழங்களை நாம் வரிசையாகக் கொண்டுபோய் அடுக்குகிறோம். அந்த முந்நூறு ரூபாயை மூடிய கையோடு அவர் மனைவியிடம் கொடுத்தால் மருந்துக்கு ஆகும். அல்லது ஓர் இரவு அவளை வீட்டுக்கு அனுப்பித் தூங்கவைத்துவிட்டு நாம் அங்கே விழித்திருந்தால் அதற்கும் மேலாகும்.

சட்டம் படித்த இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள், பிழையிருந்தால் திருத்துவார்களாக. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடுப்புச் சட்டம், கேளாமல் கொடுக்கும் கல்யாணப் பரிசுகளைத் தடுக்கவில்லை. அவற்றைப் பட்டியல் எழுதி வைக்கவேண்டும் என்கிறது. 1985ஆம் ஆண்டு விதிகளின்படி பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையொப்பமிடவேண்டும். பெண் வீட்டாரும் அவர்களுடைய உறவினரும் கொடுப்பது வழக்கத்தையொட்டியதாகவும், கொடுப்பவரின் பொருள் நிலைக்கு மிஞ்சாததாகவும் இருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டம் கொடுப்பவருடைய நிலைமையை அளவாக வைக்கிறது. நாமோ தாய்மாமன் கடன் வாங்கியாவது சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி நிரப்பவேண்டும் என்று எதிர்பார்த்து, பெறுபவருடைய அந்தஸ்தை அளவாக வைத்திருக்கிறோம்.

ஆகவே, கொடுப்பவருக்குச் சொன்னதைக் காட்டிலும் வாங்குபவருக்கே நான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. நமது சங்கத்தாரின் விசேஷங்களில் மொய்த் தொகையை ஒலிபெருக்கியில் வாசிப்பதை இவ்வாண்டு முதல் நிறுத்திவிடவேண்டுமென்று நிர்வாக சபையாருக்கு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். எழுதுவது எழுதட்டும், வாசிக்கவேண்டாம். நலிந்த குடும்பத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது, "கையை வீசிக்கொண்டு வா" என்று வீட்டுப் பெரியவரே வாய் திறந்து சொல்லவேண்டும். மனத்துக்குள் நினைத்தால் போதாது. கொண்டுவந்த பொருளை அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்க்கவேண்டும். பிரித்துப் பார்ப்பது நாகரிகமன்று என்று சிலர் கூறுவர். போர்வை விஷயத்தில் நான் பட்டதற்குப் பின் அந்த நாகரிகம் எனக்கு வேண்டாம்.

அப்போர்வை இப்போது என் மகளிடம் இருக்கிறது. அன்றே வாங்கிச் சென்று நானே புனேவுக்கு எடுத்துப் போனேன். என் நோட்டில் அக்காள் பெயருக்கு எதிரே இருந்த ஆயிரத்தொன்றைக் கோடிட்டு அடித்தும்விட்டேன். அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சிறு பெண்ணுக்கு வருகிற தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சென்ற வாரம் போயிருந்தேன். என்ன வேண்டுமென்று கேட்டதற்கு, "நீங்கள் எல்லோரும் வந்தால் போதும்" என்றாள். கேட்டால் எவரும் சொல்வது அது. ஆகையால் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் இயந்திரத்தின் தோல் பெல்ட் அறுந்து கயிற்றால் முடிச்சிட்டிருந்தது. பொங்கலுக்குக் கொடுக்கவேண்டிய வாடிக்கைத் துணிகள் மூலையில் குவிந்து கிடந்தன. கல்யாண வேலையோடு அவற்றையும் அவளே முடித்தாக வேண்டும். பெல்ட் வாங்கிவிட்டேன். என் மனைவியும் மருமகளும் காஜா எடுக்கவும் பொத்தான் கட்டவும் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னரே போய்த் தங்குவதாக இருக்கிறார்கள்.